கை வைத்துப் பார்க்காத வயிறு

(மாணவர்களும் சேரிப் பெண்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், சினைப்பைப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிகள் குறித்துச் செவிலியத் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது. - ஆ-ர்.)



நான் டாக்டர் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ். ஆராய்ச்சியைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் இங்கிலீஷில் இருக்கின்றன. ஆனால் அதில் எழுதப்பட்டிருப்பது பெண்களின் வயிறு. அந்த வயிறு நமக்கும் இருக்கிறது. அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நம்முடைய கூட்டங்களில் பஞ்சமி நிலம் பேசியிருக்கிறோம், இடஒதுக்கீடு பேசியிருக்கிறோம், ரெட்டை டம்ளர் பேசியிருக்கிறோம். வயிற்றைப் பற்றிப் பேசினால் அது பசியைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்திருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற உறுப்புகளைப் பேசியதில்லை. 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஆண் தோழர்கள் வெளியே டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாபாசாகேப் அப்படிப் போகவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து எழுந்து பேசினார். பெண்ணின் வயிறு சட்டமன்றத்தில் பேச வேண்டிய விஷயம் என்றால், நம் கூட்டத்திலும் பேச வேண்டிய விஷயம்தான். அதனால் ஆண் தோழர்கள் இன்றைக்குக் கொஞ்சம் உட்காருங்கள்.

என் சின்னம்மாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவின் தங்கை. களையெடுக்க, நாத்து நட என்று காலம் பூராவும் குனிந்தே வேலை செய்தவர். ஐம்பத்து நாலு வயசில் அவருக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. "ரெண்டு வாய் சோறு வெச்சா போதும்டி, கழுத்து வரைக்கும் தின்ன மாதிரி இருக்குது" என்பார். அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. வயக்காட்டில் மறைவு தேடி எத்தனை தடவை ஓடுவது? தண்ணி குடிப்பதையே குறைத்துக்கொண்டார். பாவாடை நாடா எட்டவில்லை. 'இந்த வயசுல முழுகாம இருக்கியா' என்று தெருவில் கேலி பேசினார்கள்.

பக்கத்து டவுனில் ஒரு கிளினிக். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அந்த டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, 'கேஸ்' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிறு வலிக்கிறது என்று வந்த பொம்பளையின் வயிற்றில் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்க்கவில்லை. "ஏன் சின்னம்மா நீ கேக்கல?" என்றேன். "எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாருடி. சொன்னேன். அதுக்கப்புறம் அவரு எந்திரிக்கல" என்றார். வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

எட்டு மாதம் கழித்து வயிற்றில் தண்ணி கோர்த்து மூச்சு வாங்கியபோது அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே ஒரு சின்னப் பொண்ணு, ஹவுஸ் சர்ஜன். கட்டிலில் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம். "உள்ள தண்ணி இருக்குதும்மா, ஸ்கேன் எடுக்கணும்" என்றாள். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன், கீமோதெரபி எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்: "அந்த ஆளு மொதல்லயே தொட்டுப் பாத்திருந்தா நான் பொழச்சிருப்பேனாடி?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஆராய்ச்சியில் வேறொரு பதில் இருக்கிறது. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இடம் தெரிந்துகொள்வோம். கர்ப்பப்பை ஒரு பை. அதன் கீழ்ப்பக்கம் வாய். மேலே இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி இரண்டு குழாய். குழாயின் நுனிக்குப் பக்கத்தில் இரண்டு சினைப்பை, ஆஸ்பத்திரிப் பேச்சில் 'ஓவரி'. ஊரில் எல்லாவற்றையும் 'கர்ப்பப்பை கேன்சர்' என்றே சொல்லிவிடுகிறோம். தப்பு. வாய்ப்பகுதியில் வருவதற்கு ஒரு வைரஸ் காரணம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்கிற பரிசோதனையும் இருக்கிறது. அதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனை சினைப்பையில் என்ன இருக்கிறது என்று காட்டாது. 'போன மாசம்தான் கேம்ப்ல டெஸ்ட் பண்ணுனேன், எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க' என்று சினைப்பை நோயோடு வந்த அக்காமார்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. அதே ஆண்டில் 32,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது இது. பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பிறகு வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை வேறு. அது பெரும்பாலும் மருந்தில் குணமாகும், குழந்தை பெறுகிற வாய்ப்பையும் பல நேரம் காப்பாற்ற முடியும். அதனால் பதினாறு வயசுப் பிள்ளைக்கு ஓவரியில் கட்டி என்றதும் 'எல்லாம் போச்சு' என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

இதை 'ஓசையில்லாத நோய்' என்று சொல்வார்கள். ஓசை இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நாலு அறிகுறி: வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது. இது யாருக்குத்தான் வராது என்பீர்கள். உண்மை. எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். புதிதாக ஆரம்பித்து, மாசத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் வந்தால், அதிலும் ஐம்பது வயசைத் தாண்டியவர் என்றால், அதைக் 'கேஸ்' என்று தள்ளக் கூடாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2011இலேயே இதை எழுதிவிட்டது. வயிற்றைக் கை வைத்துப் பார்க்க வேண்டும். சி.ஏ.125 என்கிற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அது 35க்குக் குறையாமல் இருந்தால் வயிற்று ஸ்கேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சி.ஏ.125 கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மாதவிலக்கின்போதும் கூடும். நம் ஊரில் முக்கியமாக, வயிற்றில் வருகிற டி.பி.யிலும் கூடும். அதிலும் தண்ணி கோர்க்கும், உடம்பு இளைக்கும், அச்சு அசலாகப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆறு மாத மாத்திரையில் குணமாகக்கூடிய நோய் அது. அதனால் சதையோ தண்ணியோ எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் யாரும் 'கேன்சர்' என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போது சின்னம்மாவின் கேள்வி. 'முன்னாடியே கண்டுபிடிச்சா பிழைக்கலாம்' என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை மாதிரி இருக்கிறது. முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருஷத்துக்கு மேல் வாழ்கிறார்கள் என்பதும் சரிதான். அப்படியென்றால் நோய் அறிகுறியே இல்லாத எல்லாப் பெண்களுக்கும் வருஷா வருஷம் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டால்? இதைத்தான் இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2001க்கும் 2005க்கும் இடையில் 50 முதல் 74 வயது வரையுள்ள 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் ஆகியோர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து நடத்திய ஆய்வு. சராசரியாகப் பதினாறு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களில் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டவர்கள் கூடினார்கள். ஆனால் சாவு குறையவில்லை.

எப்படி? மெதுவாக வளர்கிற வகைகள் ஆரம்பத்திலேயே பிடிபடுகின்றன. வேகமாகப் பரவுகிற வகை நாம் பார்ப்பதற்கு முன்பே வயிறு முழுக்க விதை தெளித்துவிடுகிறது. ஆகவே இன்றைக்குக் கையில் இருக்கிற பரிசோதனைகளை அறிகுறி இல்லாத எல்லோருக்கும் செய்வதில் பயனில்லை. பயனில்லை என்பது மட்டுமில்லை, கேடும் இருக்கிறது. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. அதில் 3,285 பேருக்கு நோய் இல்லாமலேயே 'சந்தேகம்' என்று வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. இல்லாத நோய்க்கு வயிற்றைக் கிழித்த கதை. 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று போர்டு வைத்துக் காசு பிடுங்குகிற இடங்களில் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சின்னம்மாவுக்கு என்ன பதில்? 'பொழச்சிருப்பே' என்று நான் சத்தியம் பண்ண முடியாது. அந்த டாக்டர் கை வைத்திருந்தால் எட்டு மாத வலி குறைந்திருக்கும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஆபரேஷனும் மருந்தும் கிடைத்திருக்கும். உயிர் நீண்டிருக்கலாம். அதற்கு மேல் சொன்னால் பொய். ஆனால் தோழர்களே, தொட்டுப் பார்ப்பது உயிரைக் காப்பாற்றுமா காப்பாற்றாதா என்று கணக்குப் போட்டுக் கேட்கிற சலுகை இல்லை. வலிக்கிறது என்று வந்தவளைத் தொட்டுப் பார்ப்பது வைத்தியத்தின் முதல் கடமை. அறிகுறி இல்லாதவர்களைச் சலித்துப் பார்ப்பது வேறு, அறிகுறியோடு வந்து நிற்கிறவளை விரட்டுவது வேறு. முதலாவது பயனில்லை என்று சொல்கிற ஆய்வைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த விடக் கூடாது.

அடுத்து, நம்மை நேராகத் தொடுகிற விஷயத்துக்கு வருகிறேன். சினைப்பையில் வருவதால்தான் இந்தப் பெயர். ஆனால் மிகக் கொடிய வகை, 'ஹை-கிரேடு சீரஸ்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்களே, அது பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதே இல்லை. குழாயின் நுனியில் பிறக்கிறது! 2001இல் நெதர்லாந்தில், பரம்பரை ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து முன்கூட்டியே எடுத்த குழாய்களைப் பார்த்தபோது அங்கே மாறிப்போன செல்கள் இருந்தன. பிறகு அமெரிக்காவின் பாஸ்டனில் குழாய் நுனியை மெல்லிசு மெல்லிசாக வெட்டிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். குழாயில் புள்ளியாக ஆரம்பித்தது சினைப்பைப் புற்றாக மாற ஆறு ஏழு வருஷம் ஆகலாம் என்று 2017இல் வந்த மரபணு ஆய்வு மதிப்பிட்டது. நூறு வருஷம் தப்பான வீட்டு வாசலில் காவல் நின்றிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. குழந்தை பெற்று முடித்த பெண்ணுக்கு வேறு காரணத்துக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்கிறபோது, குழாயைக் கட்டிவிட்டு மூடாமல், முழுக் குழாயையும் எடுத்துவிட்டால் என்ன? சினைப்பை அப்படியே இருக்கட்டும், அதன் சுரப்பு உடம்புக்கு வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல் இதைச் செய்தார்கள். அப்படி எடுத்துக்கொண்ட 25,889 பெண்களைப் பற்றி 2022இல் ஒரு கட்டுரை வந்தது. இந்தக் கொடிய வகை ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டும் என்று கணக்கு. ஒருவருக்கும் வரவில்லை. இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும் என்றாலும், பெரிய நம்பிக்கை.

குழாய் ஆபரேஷன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? குடும்பக் கட்டுப்பாடு. நம் தெருவில் ஆபரேஷன் பண்ணாத பொம்பளை எத்தனை பேர்? ஆணுக்கு இதைவிடச் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் கத்தி எப்போதும் நம் வயிற்றைத் தேடித்தான் வருகிறது. குழாயைக் கட்டிக்கொண்டாலே இந்தப் புற்று வருகிற ஆபத்து ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. முழுக் குழாயையும் எடுத்தால் இன்னும் குறையும் என்பதுதான் புதிய செய்தி. அப்படியென்றால் இந்தச் செய்தி யாருக்கு முதலில் தெரிய வேண்டும்? ஆபரேஷன் மேஜையில் படுக்கிற நம் பெண்களுக்கு.

ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். 13 பேர் செத்துப்போனார்கள். தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். இந்த முகாம்களையே மூன்று வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொன்னது. நம் வயிற்றை இலக்குக் கணக்காகப் பார்த்துப் பழகின அமைப்பு இது. 'கேன்சர் வராது' என்ற பெயரில் கேட்காமல் கொள்ளாமல் குழாயை வெட்டி எடுக்க ஆரம்பித்தால்? கட்டின குழாயைச் சிலருக்குத் திரும்பச் சேர்க்கலாம். எடுத்த குழாயைச் சேர்க்க முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்! ஆகவே நம் நிலைப்பாடு இரண்டு வார்த்தை: சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். அவள் மொழியில் சொல்ல வேண்டும், வலி வருகிற நேரத்தில் இல்லாமல் முன்கூட்டியே அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களை 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. ஏறத்தாழ 82,000 பேரில் 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. இளம் வயதுப் பெண்கள். வெள்ளைப்படுதல், வலி என்று போனவர்களிடம் 'விட்டா கேன்சராயிடும், எடுத்துடு' என்று சொல்லியிருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் லீவு போட்டால் மேஸ்திரி கூலியைப் பிடிப்பான். எடுத்துவிட்டால் லீவே வேண்டாம். முதலாளிக்கும் லாபம், தனியார் ஆஸ்பத்திரிக்கும் லாபம். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு சேர்த்து சினைப்பையையும் சின்ன வயசிலேயே எடுத்துவிட்டால் எலும்பு தேயும், இருதய நோய் சீக்கிரம் வரும். நம்முடைய பயத்தையும் சரக்காக்கி விற்கிறார்கள். ஒரே சாதி சமூகத்தில் ஒருத்தியின் வயிற்றைத் தொட மாட்டான், இன்னொருத்தியின் வயிற்றைக் கேட்காமல் அறுப்பான். இரண்டும் ஒரே பார்வைதான்: அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிற பார்வை.

அப்படியானால் முன்கூட்டியே சினைப்பையை எடுப்பது யாருக்குத்தான் சரி? பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பி.ஆர்.சி.ஏ. ஒன்று, இரண்டு என்று இரண்டு மரபணுக்கள். செல்லுக்குள் டி.என்.ஏ. உடைந்தால் சரிசெய்வது இவற்றின் வேலை. எல்லோருக்கும் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இதில் பிழை இருக்கும். எண்பது வயசுக்குள் சினைப்பைப் புற்று வருகிற வாய்ப்பு, முதல் மரபணுவில் பிழை உள்ள நூறு பெண்களில் சுமார் 44 பேருக்கு, இரண்டாவதில் பிழை என்றால் சுமார் 17 பேருக்கு. மார்பகப் புற்று வருகிற வாய்ப்பும் கூடுதல். இப்படிப்பட்ட பெண்களுக்குத்தான், பிள்ளை பெற்று முடித்த பிறகு, முதல் வகையென்றால் 35-40 வயசில், இரண்டாம் வகையென்றால் 40-45 வயசில் குழாயையும் சினைப்பையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதலில் குழாயை மட்டும் எடுத்துவிட்டு சினைப்பையைப் பிறகு எடுக்கலாமா என்று பெரிய ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பிழை தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். இதைத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். 'அவ அம்மா வீட்டுச் சாபம்', 'தோஷமுள்ள வம்சம்' என்று மருமகளைத்தான் குத்திக் காட்டுகிறோம். அப்பனின் அக்கா, அப்பனின் அம்மா யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ நோய் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆணுக்கும் இந்தப் பிழை இருக்கலாம், பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் போகலாம். சாபமும் இல்லை, கர்மவினையும் இல்லை. இதில் இன்னொரு செய்தி. அஷ்கெனாசி யூதர்களிடம் அடிக்கடி காணப்படுகிற ஒரு பிழை, தென்னிந்திய நோயாளிகளிடமும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. 'சுத்த ரத்தம்' பேசுகிறவர்களின் ரத்தத்திலும் பிழை இருக்கிறது, அதற்குச் சாதி தெரியாது.

சினைப்பைப் புற்று வந்தவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருக்கும். ஆகவே நோய் உறுதியானதும் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று விட வேண்டாம். நோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்றும் இது சொல்லும், மகளுக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் வழியும் காட்டும்.

இந்தப் பரிசோதனைக்கே ஒரு போராட்ட வரலாறு இருக்கிறது. மேரி-கிளேர் கிங் என்கிற விஞ்ஞானி 1990இல் முதல் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. மிரியட் என்கிற அமெரிக்கக் கம்பெனி அதன்மேல் காப்புரிமை வாங்கியது. வேறு லேப் எதுவும் பரிசோதிக்கக் கூடாது. விலை 3,000 டாலருக்கு மேல். உன் உடம்பில் இருக்கிற மரபணுவைப் பார்க்க அவனிடம் அனுமதி வாங்க வேண்டும்! நோயாளிகளும் பெண்கள் அமைப்புகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2009இல் வழக்குப் போட்டார்கள். 2013 ஜூன் 13 அன்று, இயற்கையில் உள்ள மரபணுவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மகாடில் 1927இல் நாம் கேட்டதும் இதுதானே? குளத்துத் தண்ணீர் யார் வீட்டுச் சொத்து?

வைத்தியத்துக்கு வருவோம். ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பது மிக முக்கியம். அதனால் இந்த ஆபரேஷனைப் பழகின புற்றுநோய் மருத்துவர் இருக்கிற இடத்தில் செய்துகொள்ள வேண்டும். சிலருக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வார்கள். அது 'கைவிட்டுட்டாங்க' என்று அர்த்தமில்லை. மருந்து கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் இரண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆறு தடவை. இரண்டும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். கை கால் மரத்துப்போனால், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீமோ சமயத்தில் காய்ச்சல் என்பது நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயமில்லை, உடனே ஆஸ்பத்திரி.

புதிய மருந்துகளில் பெரிய மாற்றம் கொண்டுவந்தவை 'பார்ப் தடுப்பான்கள்'. ஏரிக்கரை உடைந்தால் அடைக்க இரண்டு கோஷ்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ள புற்றுச் செல்லில் ஒரு கோஷ்டி ஏற்கனவே இல்லை. மிச்சமிருக்கிற கோஷ்டியின் கையை மருந்து கட்டிப்போடுகிறது. உடைப்பு மேல் உடைப்பாகி அந்தச் செல் சாகிறது. நல்ல செல்லுக்கு இரண்டு கோஷ்டியும் இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. 2005இல் சோதனைக்கூடத்தில் கண்டது இது. ஓலாபரிப் என்கிற மாத்திரையை, நோய் முற்றிய நிலையில் கீமோவுக்கு நன்றாகக் கேட்ட, இந்தப் பிழையுள்ள பெண்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 391 பேர் கலந்துகொண்ட ஆய்வு. ஏழு வருஷம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 67 பேர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 46, 47 பேர். முற்றிய சினைப்பைப் புற்றில் இப்படி ஒரு கணக்கை முன்பு யாரும் பார்த்ததில்லை. கார்போபிளாட்டின் கேட்காமல் போனவர்களுக்கு மிர்வெட்டுக்சிமாப் என்று இன்னொரு மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நடுத்தர ஆயுள் பன்னிரண்டே முக்கால் மாசத்திலிருந்து பதினாறரை மாசமானது. சின்னதுதான். ஆனால் நாலு மாசம் என்பது ஒரு தாய்க்குச் சின்னதா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

மருந்து இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்பதுதான் அரசியல். கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான நெக்சவார் மருந்து மாசத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்திய அரசின் காப்புரிமை அதிகாரி கட்டாய உரிமம் கொடுத்து, இந்தியக் கம்பெனி அதை மாசம் 8,880 ரூபாய்க்கு விற்க வழி செய்தார். சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும். பி.ஆர்.சி.ஏ. பரிசோதனையும், அது சுட்டிக்காட்டுகிற மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக, ஒவ்வொரு நோயாளிக்கும் என்று நாம் கேட்க வேண்டும்.

சிலர் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேட்டு எழுதியிருந்தீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்து வாயு முகமூடி செய்த தொழிலாளிப் பெண்களிடம் சினைப்பைப் புற்று கூடுதலாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அது உறுதியான காரணம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூரைக்குக் கீழே படுத்தாலே நோய் வரும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. தூசிதான் ஆபத்து. தகரம் மாதிரி அதை அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்க விடாதீர்கள். டால்கம் பவுடரையும் அதே அமைப்பு 2024இல் 'அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. மறைவிடத்தில் பவுடர் போடுகிற பழக்கத்தை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

கடைசியாக ஒன்று. இது நம்மை நோக்கியே. சின்னம்மாவுக்குக் கீமோ நடந்தபோது ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். "பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு சொல்றாங்கடி, நானே எடுத்து வெச்சுக்கிட்டேன்" என்றார். டீக்கடையில் ரெட்டை டம்ளரை உடைக்கப் போய் அடி வாங்கினவர் என் சித்தப்பா. அவர் வீட்டுத் திண்ணையில் தனி டம்ளர்! தோழர்களே, புற்றுநோய் ஒட்டாது. எச்சில் தட்டில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் படுத்தால் ஒட்டாது. அன்றைக்கு நான் அந்த டம்ளரில் தண்ணி குடித்தேன். பிறகு சித்தப்பாவும் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து சின்னம்மா உள்ளே படுத்தார்.

இன்னொன்றும் செய்யாதீர்கள். நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பது. 'அவ தாங்க மாட்டா' என்று மகனும் மாப்பிள்ளையும் டாக்டரிடம் ரகசியம் பேசுகிறார்கள். வெயிலில் நாள் பூரா நாத்து நட்டவள், ஒரு வார்த்தையைத் தாங்க மாட்டாளா? அவள் வயிறு, அவளுக்குச் சொல்லுங்கள்.

இங்கிருந்து போகிற மாணவத் தோழர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். உங்கள் தெருவில் நாற்பது வயசு தாண்டின ஒவ்வொரு பெண்ணிடமும் அந்த நாலு அறிகுறியைச் சொல்லுங்கள். யாருக்காவது மாசத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் இருந்தால் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். "வயித்தைத் தொட்டுப் பாருங்க சார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குச் சின்னம்மாவிடம் ஆள் இல்லை. ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள், அது நோயாளியின் சொத்து. கர்ப்பப்பையை எடு என்றால், ஏன், சினைப்பை தங்குமா, இன்னொரு டாக்டரைக் கேட்கலாமா என்று கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாடு என்றால், கட்டுவதா எடுப்பதா என்று முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யாருக்கு என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

சின்னம்மாவுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பேசினது அந்தப் பதில்தான்.